பின் சீட்டில் ஒரு கடகட

"எலிதான். ஷெத்த எலி!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார் மாமனார்.

"செத்த எலி எப்படி சார் சத்தம் போடும்?" என்றார் மெக்கானிக். அவருடைய பாதி உடம்பு காரின் பின்கதவுக்குள் இருந்தது.

மாமனாருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் 'சோப்பு'. பேரன் முத்தம் கொடுத்தால் கன்னத்தில் தோல் உரியும்வரை கழுவுவார். எச்சில் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு இறங்காது.

அவர் ஏறுகிற ஒரே வாகனம் இந்தக் கிழட்டுக் கார்தான். அதில் சில மாதங்களாகத்தான் இந்தச் சத்தம். திருப்பத்தில் 'கடக்', பள்ளத்தில் 'கடகட', பிரேக் போட்டாலோ பின்சீட்டில் யாரோ குளிரில் நடுங்குவதுபோல ஒரு கிடுகிடு. கார் வருகிறது என்றாலே தெருநாய்கள் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்தன.

மகள் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "அப்பா, இன்னிக்குச் சத்தம் நிக்கலேன்னா நாளைக்கு இந்த வண்டி பழைய இரும்புக்குத்தான். அப்புறம் நீங்க பஸ்லதான் போகணும்."

"பஸ்ஸா? ஊரான் வேர்வையில உக்காரவா? அதுக்கு நான் ஷாக்கடையில நீந்திப் போவேன்!"

வயிற்றில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்கு 'ச' வருவதில்லை. விசிலோடு 'ஷ'தான் வரும். ஈறு சுருங்கிவிட்டது என்று அவரே வைத்தியமும் பார்த்துக் காரணமும் சொல்லியிருந்தார்.

மெக்கானிக் காரின் கால்மிதியை உரித்தார். பலகைபோல விறைத்த ஒரு சாக்ஸ் வந்தது. அடுத்து, முடி சுற்றிய ஒரு சீப்பு. பிறகு, பச்சைக் கம்பளி போர்த்திய ஏதோ ஒன்று. அது ஒரு காலத்தில் பிஸ்கட்டாக இருந்திருக்கலாம்.

"உவ்வே! மாப்ள, அந்த ஷாக்ஸ் உங்களுதுதானே?"

"உங்களுது மாமா. ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறப்போ அரை மயக்கத்துல பின் சீட்டு பூரா வாந்தி எடுத்தீங்களே, அன்னிக்குக் கழட்டி எறிஞ்சது. மிச்சத்தை நான்தான் கழுவினேன்." மருமகன் 'நான்தான்' என்பதை நன்றாக அழுத்தினார்.

மெக்கானிக் சீட்டைப் பெயர்த்து, அடியிலிருந்த இரும்புப் பள்ளத்துக்குள் இடுக்கியை விட்டுத் துழாவினார். 'கடக்' என்றது. சத்தத்தின் கழுத்தைப் பிடித்துவிட்ட பெருமையோடு அதை வெளியே எடுத்தார்.

"சார்... இது சிரிக்குது!"

தலைமுடியும் தூசியும் சுற்றிய ஒரு பல்செட்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வந்துவிடும் என்பதுபோல ஓங்கரித்தார்.

"தூக்கி எறிங்க! எந்தப் பய வாயில ஊறினதோ! என் ஷீட்டுக்கு அடியில எவன் பல்லு?"

மெக்கானிக் காரைத் தள்ளிக் குலுக்கிப் பார்த்தார். ஒரு சத்தம் இல்லை. வண்டி பிழைத்துக்கொண்டது.

மருமகன் மட்டும் அந்தப் பல்லையும் மாமனாரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "மாமா, கோவிச்சுக்காதீங்க. இதை ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"என்ன திமிரு! என் பல்லைத்தான் ஆபரேஷன் முடிஞ்ஷதும் நர்ஸு கிண்ணத்துல வெச்ஷுக் கையில குடுத்தாங்களே!"

"சும்மா ஒரு தடவை. போட்டுப் பார்த்துட்டா சந்தேகம் தீர்ந்துடும்ல."

சந்தேகம் என்ற சொல் அவரை எறும்பாகக் கடித்தது. பாதி சோப்புக் கட்டியைக் கரைத்துக் கழுவினார். தண்ணீர்த் தொட்டியில் பாதி காலியானது. பிறகு எல்லோருக்கும் முதுகைக் காட்டி, வாயிலிருந்ததைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, காரில் கிடைத்ததை வாய்க்குள் நுழைத்தார்.

'டக்'.

சாவி பூட்டில் விழுந்ததுபோல உட்கார்ந்தது.

 திரும்பியபோது முகம் வெள்ளைச் சுண்ணாம்பாக இருந்தது. கைக்குட்டையில் பளபளத்த மற்றொன்றைப் பார்த்தபடி, விசில் இல்லாமல், மணிமணியாகக் கேட்டார்.

"சீச்சீ... அப்போ இத்தனை நாளா நான் யார் பல்லால சாப்பிட்டேன்?"