கீழ் வீட்டு வக்கீல்

"பத்தாம் தேதி தர்றேன்னு சொன்ன கம்பெனி, இருபதாம் தேதி வரைக்கும் தரலைன்னா, வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கும்மா," என்றார் கீழ் வீட்டு வக்கீல்.

மாடி வீட்டம்மா தயங்கினாள். "ரெண்டு நாள்ல வந்துடுமாம் சார். அவர் ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஆசையா காத்துட்டிருக்கார்."

"ஆசை வேற, சட்டம் வேற. ஆர்டரை ரத்து பண்ணுங்க. முழுப் பணம் வரும், நஷ்டஈடும் கேட்போம். நோட்டீஸ் நான் எழுதறேன்."

"உங்க ஃபீஸ் சார்?"

"மேல் வீட்டுக்காரங்ககிட்டயா ஃபீஸ் வாங்குவேன்?"

மூன்று பக்க நோட்டீஸை அவரே டைப் அடித்து, அவரே தபாலில் சேர்த்தார். இப்படியும் ஒரு மனுஷரா என்று மாடி வீடே நெகிழ்ந்துபோனது.

அடுத்த மாதம் பணம் வந்துவிட்டது. வக்கீல் அன்று மத்தியானம் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

சாயங்காலம் மாடி வீட்டம்மா இனிப்போடு இறங்கி வந்தாள்.

"எல்லாம் உங்க புண்ணியம் சார். நஷ்டஈட்டையும் சேர்த்துப் போட்டு, நேரா கடைக்கே போய்ப் பெரிய டிரம் செட்டா வாங்கிட்டோம். பழைய ஆர்டர்ல மூணு டிரம்தான். இதுல ஏழு."

எந்தச் சத்தத்துக்குப் பயந்து வக்கீல் மூன்று பக்கம் எழுதினாரோ, அந்தச் சத்தம் அவர் கட்டிலுக்கு நேர் மேலே தொடங்கியது.

"முதல் பாட்டு உங்களுக்குத்தானாம் சார்."