கோணல் உருண்டை

மார்சி மாவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கிண்ணம் மைதாவை மைக்ரோவேவில் வைப்பாள், எடுப்பாள், கிளறுவாள், வெப்பமானியைச் செருகிப் பார்ப்பாள். உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடியும் உள்ளே வைப்பாள். அடுப்பே வேண்டாத பலகாரம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, காய்ச்சல்காரக் குழந்தைக்குப் பார்ப்பதுபோல மாவுக்குச் சூடு பார்க்கிறாளே என்று ரெனீக்குச் சிரிப்பு வந்தது.

ரெனீயின் அண்ணன் டக் இவளைச் சிகாகோவிலிருந்து கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், சிகாகோ இருக்கும் இல்லினாயில் பிறந்தவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது விஸ்கான்சினில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர்களுக்குச் சமைக்கவும் தெரியாது என்று காட்டியவள் மார்சி.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை, அம்மா வெர்னாவின் சமையலறையில் குக்கீ நாள். முட்டை அடித்து ஊற்றிப் பிசைந்த பச்சை மாவை, சுடுவதற்கு முன்பே வழித்து நக்குவதுதான் அன்றைய சந்தோஷத்தில் பாதி. கிண்ணம் டக்குக்கு. மாவு கலக்கிய கம்பி, வீட்டுப் பெண் ரெனீக்கு. அதில் யாரும் கைவைக்க முடியாது.

இந்த வருடம் மார்சி நச்சரித்து நச்சரித்து அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். முட்டை கிடையாது, அடுப்பு கிடையாது. மாவை உருட்டி, நடுவில் எதையாவது வைத்து, சாக்லேட்டில் முக்கி எடுக்க வேண்டியதுதான்.

"மூணு தலைமுறையா பச்ச முட்டையோடதான் நக்குறோம், மார்சி. இதுவரைக்கும் எவளும் சாகல," என்றாள் அம்மா.

மார்சி புன்னகைத்தாள். வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் புன்னகை. அதுவும் ரெனீக்குப் பிடிக்காது.

ஆனால் முட்டை இல்லை என்பது ரெனீக்கு அதிர்ஷ்டம்.

அவள் வயிற்றில் குழந்தை இருந்தது. கணவன் நீலைத் தவிர யாருக்கும் தெரியாது. பச்சை முட்டை, வறுக்காத பச்சை மாவு, மது எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இதற்கு முன் இரண்டு முறை இதே மேஜையில்தான் செய்தியைச் சொன்னாள். அம்மா அழுதாள், சிரித்தாள், குட்டித் தொப்பி பின்னத் தொடங்கினாள். இரண்டு முறையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இனி இல்லை என்று ரெனீயே சொல்ல வேண்டியிருந்தது. பின்னி முடிக்காத தொப்பிகள் எந்த இழுப்பறையில் இருக்கின்றன என்று அம்மாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். இருவரும் அதைத் திறப்பதில்லை.

இந்த முறை நாலாவது மாதம் வரை மூச்சுவிடுவதில்லை என்றிருந்தாள். கம்பியை வேண்டாம் என்று தள்ளினால் போதும், அம்மா அந்த நொடியே முகத்தைப் பார்த்துவிடுவாள். எப்படித் தப்புவது என்று தூக்கம் கெட்டுக் கிடந்தவளுக்கு வழி பிறந்துவிட்டது.

அது இந்த மார்சியின் கையாலா பிறக்க வேண்டும்?

ரெனீ கம்பியை நக்கினாள். கடற்கரை மணலை நக்குவதுபோல இருக்கிறது என்றாள். டக் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்போதுதான் அம்மா அந்த ஜாடியைத் திறந்தாள். கோடையில் பிராந்தியில் ஊறப்போட்ட செர்ரிப் பழங்கள். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒன்று வைக்கச் சொன்னாள். வாசனை சமையலறை முழுக்க ஏறியது.

பிராந்தியும் மதுதான்.

உதவிக்கு நீட்டிய ரெனீயின் கையை மார்சி முழங்கையால் ஒதுக்கினாள். உள்ளே வைக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, ஜாடியோடு மேஜையின் அந்தக் கோடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் சமையலறையே தன்னுடையது என்ற நினைப்பு.

உருண்டைகளும் அவளைப்போலத்தான். பாதி குண்டு, பாதி சப்பை. ஓரமாக ஒரு வரிசை முழுக்கக் கோணல். நாய்க்குட்டி உருட்டியிருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்கும் என்று ரெனீ டக்கிடம் சொன்னாள், மார்சியின் காதில் விழும்படி.

பின்வாசல் பனியில் தட்டை வைத்து எடுத்ததும் சாக்லேட் இறுகிவிட்டது. முதல் வாய் வீட்டுப் பெண்ணுக்கு. எல்லோரும் பார்த்தார்கள். அம்மா மற்றவர்களைவிடக் கூர்ந்து பார்த்தாள்.

ரெனீ கை நீட்டினாள். மார்சி தட்டைப் பின்னுக்கு இழுத்து, ஒன்றைப் பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத எடு, ரெனீ. இது கொஞ்சம் கோணலா போச்சு."

நல்லது ஊருக்கு, கோணல் எனக்கா? ரெனீ பல்லைக் கடித்தாள். கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஒரு சிரிப்புச் சிரித்து, குளியலறைக்குப் போய்த் துப்பிவிட வேண்டியதுதான். வாயில் போட்டாள்.

சாக்லேட் உடைந்தது. மாவு கரைந்தது. நாக்கை ஒதுக்கி, பிராந்திக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

செர்ரியும் இல்லை. நடுவில் ஒரு துண்டு கேரமல் மட்டும்.

பிராந்தி தூக்கலாக இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். ரெனீ மென்றாள், விழுங்கினாள், தலையாட்டினாள். கண்ணில் நீர் கோத்திருந்ததால் அம்மா நம்பிவிட்டாள்.

மார்சி கிண்ணத்தைக் கழுவப் போனாள். கம்பியை எடுத்துக்கொண்டு ரெனீ பின்னாலேயே போனாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மார்சி சொன்னாள்:

"போன மாசம் தேங்க்ஸ்கிவிங் விருந்து அன்னிக்கு உன் வைன் கிளாஸ நான்தான் கழுவினேன். ஊத்துனது ஊத்துனபடியே இருந்துச்சு."

தொட்டிக்குப் பக்கத்தில் அந்த வெப்பமானி கிடந்தது. நுனியில் வறுத்த மாவு.

ரெனீ அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, வீடு முழுக்கக் கேட்கட்டும் என்று, இரண்டு வருடமாகப் பழகிய அதே இளக்காரத்தோடு குரலை உயர்த்தினாள்.

"ஒரு உருண்டை பிடிக்கக்கூட வரல உனக்கு. யார் கண்ணுலயும் படறதுக்கு முன்ன, அந்தக் கோணல் எல்லாத்தையும் எங்கிட்ட குடுத்துடு."