கேடயத்துக்கு என்ன கலர்?

“இந்தச் சிவப்பு பத்தாது ஷ்யாமளா. இன்னும் கொஞ்சம் ரத்தம் தெரியணும்,” என்றார் கோபாலசாமி, சிவந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே.

சமையலறை மேசை முழுக்க, பெயின்ட் கடையில் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வந்த கலர் அட்டைகள். நடுவில் கேடயம் போல வெட்டிய ஒரு மரப்பலகை. அதில் பென்சிலால் ஒரு யானை. ஹூஸ்டனுக்கு வந்த நாளிலிருந்து எண்ணெய்க் குழாய்களுக்கே டிசைன் போட்ட மனிதர், இப்போது தன் குடும்பத்துக்கென்று ஒரு பரம்பரைச் சின்னம் டிசைன் பண்ணிக்கொண்டிருந்தார். பரம்பரை, போன வாரம்தான் ஆரம்பித்திருந்தது.

“ஏங்க, இதெல்லாம் நமக்குத் தேவையா?”

“ஞாயித்துக்கிழமை சம்பந்தி வர்றாங்க. எங்க உங்க கேடயம்னு கேட்டா, எதைக் காட்டுவே? குக்கரையா?”

வம்பு கலிஃபோர்னியாவில் தொடங்கியது. மகள் அஞ்சனாவைக் கட்டிக்கொள்ளப்போகும் ஷாந்தனின் வீடு அங்கே டப்ளின் என்கிற ஊரில். அங்கே போயிருந்தபோது கோபாலசாமி ஹால் சுவரில் ஒரு கேடயத்தைப் பார்த்துவிட்டார். சிவப்பில் தங்க நிற மான், கம்பீரமாகக் கொம்பைத் தூக்கிக்கொண்டு நின்றது.

ஷாந்தனின் அப்பா டாக்டர் ஞானேஸ்வரனுக்கு யாழ்ப்பாணத்தில் பெரிய குடும்பம் என்று கேள்வி. மானைப் பார்த்ததும் கோபாலசாமிக்குத் தான் ரொம்பச் சின்ன ஆளாகிவிட்டது போல இருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

“எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு மாட்டியிருக்கோம்,” என்று சொல்லிவிட்டார்.

ஞானேஸ்வரன் கூச்சத்தோடு சிரித்துப் பேச்சை மாற்றினார். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று விமானம் ஹூஸ்டனில் இறங்கும்வரை கோபாலசாமி மனைவியிடம் புலம்பிக்கொண்டே வந்தார்.

“சிவப்புன்னா வீரம்,” என்று இப்போது விளக்கினார். “நெட்ல போட்டிருக்கான்.”

“நம்ம குடும்பத்துல யாருங்க வீரம்?”

“எங்க தாத்தா.”

“அவர் டவுன் பஸ் கண்டக்டர். காக்கி அடிங்க.”

“காக்கி லிஸ்ட்லயே இல்ல. ஓரத்துல பச்சை அடிக்கலாம்னு இருக்கேன். பச்சைன்னா வயல்.”

“வயலா? யாருக்கு இருந்துச்சு?”

“கும்பகோணத்துல வயலைப் பாத்த மாதிரி வாடகைக்கு இருந்தோம்ல?”

ஷ்யாமளா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். “சரி, யானையையாவது கறுப்புல போடுங்க. யானை கறுப்புதானே?”

“சிவப்பு மேல கறுப்பு வரவே கூடாது. கலர் மேல தங்கமோ வெள்ளியோதான் வரணும், அதான் ரூல். தங்க யானைதான். சிவப்பு மட்டும் அவங்களதைவிட ஒரு ஷேடு கூட இருக்கணும். கம்மியா இருந்தா நாம ஒரு படி கீழன்னு ஆயிடும்.”

மாடியிலிருந்து இறங்கி வந்த அஞ்சனா பலகையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “டாட், ஜஸ்ட் ஆஸ்க் ஷாந்தன்! அது என்னன்னு ஹி வில் டெல் யூ.”

“கேட்டா நம்மகிட்ட இல்லைங்கறது தெரிஞ்சுடும். மூச்! பொண்ணு வீட்டு மானம் இதுல இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காலை. கோபாலசாமி டப்ளினில் எடுத்த போட்டோவை போனில் பார்த்துப் பார்த்து, வாசல் கதவுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்து அளவெடுத்தார்.

“எல்லாரும் கண்ணுக்கு நேரா மாட்டுவாங்க. நீங்க என்ன முழங்கால் உயரத்துல மாட்டறீங்க?”

“அவங்க வீட்ல இந்த உயரம்தான். பரம்பரைப் பணக்காரங்க பீத்திக்க மாட்டாங்க.”

“மெதுவா ஆணி அடிங்க. இந்த ஊர்ச் சுவரு வெறும் அட்டை. விரலால குத்தினாலே பொத்துக்கும்.”

அடித்து முடித்து மறுபடியும் போட்டோவைப் பார்த்தார். மானுக்குக் கீழே ஒரு கிரிக்கெட் மட்டையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அரசர்கள் வாள் வைப்பது போல இவர்கள் மட்டை வைக்கிறார்கள் போலும். இந்த வீட்டில் மட்டைக்கு எங்கே போவது? அஞ்சனா பள்ளியில் ஆடிய டென்னிஸ் ராக்கெட்டைத் தேடி எடுத்துத் துடைத்து, யானைக்குக் கீழே சாய்த்து வைத்தார்.

மத்தியானம் ஞானேஸ்வரனும் மனைவி ராஜராணியும் வந்தார்கள். செருப்பைக் கழற்றக் குனிந்த ஞானேஸ்வரன் குனிந்தபடியே நின்றுவிட்டார். யானையைப் பார்த்தார். ராக்கெட்டைப் பார்த்தார். மறுபடியும் யானையைப் பார்த்தார்.

கோபாலசாமியும் கேடயத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். சிவப்பு கூடிப்போச்சோ? பச்சை தப்போ?

ஞானேஸ்வரன் நிமிர்ந்து வந்து அவர் தோளில் உரிமையோடு கை போட்டார். முகத்தில் அன்றைய கூச்சம் துளியும் இல்லை.

“அண்டைக்கு நீங்கள் சொல்லேக்க, எங்களைச் சமாளிக்கத்தான் சொல்லுறியள் எண்டு நினைச்சன், சம்மந்தி. மெய்தான் போல.”

“பின்னே? பரம்பரையா வர்றது,” என்று நெஞ்சை நிமிர்த்தினார் கோபாலசாமி.

அது காதில் விழாத ஞானேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். “எங்கட ஷாந்தன் வீட்டுக்குள்ள கிரிக்கெட் அடிச்சுச் சுவரை உடைச்சுப்போட்டான். மறைக்கிறதுக்கு கராஜ் சேலில பழசா வித்த அந்த மானை வாங்கிச் சுவரில கொழுவினனாங்கள்.”

அப்புறம் ராக்கெட்டைக் காட்டிக் கண்ணடித்தார்.

“உங்கட சுவர் டெனிஸ் பந்துக்கேயோ ஓட்டையாப் போச்சு?”