சாயாத முத்திரை

கடலுக்கு நடுவே இருந்த ஒரு நாட்டில், எந்த உத்தரவும் வெளியே போக வேண்டுமானால் நிதி அலுவலகத்து முத்திரைகள் அத்தனையும் அதில் விழுந்தாக வேண்டும். அதிலும் சின்ன முத்திரைகள், தலைமை முத்திரை இருக்கும் பக்கமாகச் சாய்ந்து, கும்பிடு போடுவது மாதிரி விழ வேண்டும். புதிதாக வந்த மரமுத்திரை மட்டும் நிமிர்ந்தே விழுந்தது.

"உனக்கு முதுகு வளையாதோ?" என்றது தலைமையில் இருந்த, மாட்டுக் கொம்பில் செய்த முத்திரை.

"மீன் சந்தையைத் திறக்கும் உத்தரவு இது, ஐயா. நாமெல்லாம் வளைந்து முடிப்பதற்குள் கரையில் மீன் நாறிவிடும்."

அன்றைக்கே மரமுத்திரையை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்கள்.

மீன் நாறியது. நாற்றம் தாங்காத சந்தைக்காரர்கள் திரண்டு வந்து, இழுப்பறையை உடைத்து, மரமுத்திரையையே தலைமையில் உட்கார வைத்தார்கள். பழைய முத்திரைகள் இப்போது அதன் பக்கம் சாய்ந்தன.

மரமுத்திரை ஓர் உத்தரவு எழுதச் சொன்னது: இனி எந்தத் தாளுக்கும் முத்திரை வேண்டாம்.

"பைத்தியமா உனக்கு? நீயும்தானே குப்பைக்குப் போவாய்?" என்று பதறியது மைப்பெட்டி.

"போகிறேன். மை இருக்கிறதா, அதைச் சொல்."

தாளில் இருந்த ஒரே சின்னக் கட்டத்தின் நட்டநடுவில் அது நிமிர்ந்து விழுந்தது. வழக்கம்போலச் சாய்ந்துகொண்டே வரிசையில் வந்த மற்ற முத்திரைகளுக்கு அதில் இடமே விட்டிருக்கவில்லை.