மடவைத் துண்டுகள்

எமர்ஜென்சி முடிந்த வருஷம், பழவேற்காட்டில் அக்தர் பேகம் தன் மகளைப் பெண் கேட்டு வருபவர்களுக்காக மடவை மீனை வெட்டி மசாலா தடவி வைத்தாள். கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறத் தொடங்கியதும், துண்டுகள் எல்லாம் தலைப்பக்கத்தைக் கிழக்கே முகத்துவாரத்துக்குத் திருப்பிக்கொண்டன. மாற்றி வைத்தாள். மறுபடியும் திரும்பின. ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. வேறு மீன் வாங்க நேரமுமில்லை. பொரித்தாள். உப்புப் பார்க்க ஒரு துண்டைத் தின்றாள்.

மாப்பிள்ளையின் மாமா சம்சுதீன் கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர். பந்தியில் கரும்பலகை இல்லாதது ஒன்றுதான் அவருக்குக் குறை. வந்த நாலு பேரும் சேர்ந்துண்ணும் சஹன் தட்டில் கைவைத்ததுமே பாடம் தொடங்கியது.

"ஒடம்புல ஒவ்வொரு செல்லும் சேதி வாங்குது, பக்கத்து செல்லுக்குச் சொல்லுது. மூளையக் கேக்கறதே இல்ல, தெரியுமா தங்கச்சி?"

"செத்தப்புறமும் சொல்லுமா பாய்?" என்றாள் அக்தர் பேகம், கதவுக்குப் பின்னாலிருந்து.

"செத்தா இன்னாத்த சொல்லும்? இன்னும் ரெண்டு துண்டு வைங்க."

தட்டு காலியானது. கை கழுவி உட்கார்வதற்குள் நாலு தலைகளும் கிழக்குச் சுவருக்குத் திரும்பியிருந்தன. அங்கே சுண்ணாம்பைத் தவிர ஒன்றுமில்லை. சம்சுதீன் அந்தச் சுண்ணாம்பிடமே, "எங்களுக்குச் சம்மதம், நிக்காவுக்கு நாள் பாருங்க" என்றார், மிகுந்த கம்பீரத்தோடு.

அக்தர் பேகத்துக்கு உடனே மகள் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மகள் மேற்கு வாசலில் நின்றுகொண்டு, "உம்மா, இங்க பாரேன்" என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள்.