சீனத்தெருவில் ஒரு காப்பு

இரங்கூன் சீனத்தெருவில் விளக்கேற்றும் நேரம். சீனக்கோயில் ஊதுவத்திப் புகை பலகாரக்கடை வரைக்கும் வந்து கண்ணைக் கரிக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வீரபுத்திரன் பொரித்த வாழைப்பழத்தில் பாதியைத் தின்றுவிட்டான். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. பெரியம்மையில் பிழைத்த மகளுக்காக நாளைக்கு மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்க வேண்டும். ஆத்தாளுக்குச் சிவப்புப் பட்டு வாங்க வந்த இடத்தில் பசி தாங்கவில்லை. இப்போது கடைக்காரச் சீனன் தகர டப்பாவிலிருந்து வெள்ளைக் கட்டி ஒன்றை அள்ளிச் சட்டியில் போடுகிறான். அது என்னவென்று மனைவி சொர்ணம் பர்மியில் கேட்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கடையில் தொங்கும் பன்றியைக் கரண்டியால் காட்டுகிறான். "துப்புங்க." "முழுங்கிட்டேன்." சட்டி சடசடவென்று பொரிகிறது. "யாரு பாத்தா, விடு." "நெருப்பு பாக்காதா?" வீரபுத்திரன் குனிந்து தன் பாதங்களைப் பார்க்கிறான். "மிதிக்காம விட்டா ஆத்தா நம்ம மகளைக் கேப்பாளே." சொர்ணம் பட்டுப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடது கையை நீட்டுகிறாள். "அவுத்து இதுல கட்டுங்க. உங்களோட நானும் விரதந்தானே. ஒண்ணும் தின்னலை." அவன் முடிச்சைப் பிடிக்கிறான். கொழுப்புப் படிந்த விரல்களில் நூல் வழுக்குகிறது.