கட்டில் தெரியாமல் ஒரு படம்

நூற்றுப் பன்னிரண்டாவது படத்தில் ஒரு கால் தெரிந்தது.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேசை, முதுகு சாய நாற்காலி, ஜன்னல் வெளிச்சம், எல்லாம் சரி. ஓரத்தில் மட்டும் ஒரு கட்டிலின் நுனி. போர்வைக்கு வெளியே ஒரு பாதம்.

அலுவலகம் இரண்டு மாடிகளைக் காலி செய்துகொண்டிருந்தது. மிஞ்சுகிற ஒரு மாடியில் நாற்பது பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஆனால் வேலை பார்க்கும் அறையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது அவள் பொறுப்பு.

காலையிலிருந்து விதவிதமான வீடுகள். ஒருவர் புது நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இன்னொருவர் துணிக்கொடியை மறைக்க இன்னொரு கொடி கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தார். சிரித்துக்கொண்டே ஒப்புதல் தந்துவிட்டாள்.

இதை அப்படி விட முடியாது. மருத்துவக் காப்பீடு எடுத்தவர்களோடு தொலைபேசியில் பேசுவது இந்தப் படத்தை அனுப்பியவரின் வேலை. யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வரும். அறையில் இன்னொருவர் இருக்கவே கூடாது.

அவரை அழைத்தாள்.

“சார், ரூம்ல யாரோ படுத்திருக்காங்களே?”

“என் வைஃப் மேடம். ஏழு மாசமா படுக்கைதான். நாங்க ரெண்டே பேரு, இருக்கிறதும் இந்த ஒரே ரூம்தான்.” பிறகு அவசரமாகச் சொன்னார்: “அவ சத்தமே போட மாட்டா மேடம்.”

அந்தக் கடைசி வார்த்தை அவளை என்னவோ செய்தது.

நிராகரித்தால் அவர் தினமும் அலுவலகத்துக்கு வர வேண்டும். வர முடியாவிட்டால் வேலையை விட வேண்டும். அதை அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

சுற்றிலும் பார்த்தாள். லாரி ஆட்கள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினாள்.

“கட்டில் பக்கத்துல இருந்து எடுத்து அனுப்புங்க சார். மேசை மட்டும் தெரிஞ்சா போதும்.”

கால் மணி நேரத்தில் படம் வந்தது.

கட்டில் இல்லை. மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பாதிப் படத்தைக் கூரையே அடைத்துக்கொண்டிருந்தது. தலையணை உயரத்திலிருந்து எடுத்த படம்.

நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவரும் படத்தில் இருக்க வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை. சட்டை மாற்றி, தலை வாரி, படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கீழ் மூலையில் ஒரு விரல் மங்கலாகக் குறுக்கே விழுந்திருந்தது.

அவள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒப்புதல் படிவத்தின் கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

‘அறையில் வேறு யாரேனும் உள்ளனரா?’

‘இல்லை’ என்று குறித்தாள்.